மானியம் நின்ற பிறகு உழவர் நிறுவனம்

விவசாயிகளே பங்கு போட்டுச் சேர்ந்து, விளைபொருளை வாங்கி விற்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்பவன் என்ற முறையில், அவற்றில் பங்குதாரர்களாக உள்ள விவசாயிகளுக்காக இதை எழுதுகிறேன். கிராமப் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தும் நோக்கில், 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2020 பிப்ரவரியில் தொடங்கியது. இதில் ஒரு நிறுவனத்தின் நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். உறுப்பினர்களின் பங்குத் தொகைக்கு ஈடாக, ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, மொத்தம் 15 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் பங்கு மானியமும் உண்டு.

நல்ல திட்டம்தான். ஆனால் முதன்மைச் செயல் அலுவலரின் சம்பளமும் அலுவலக வாடகையும் இந்த நிர்வாக நிதியிலிருந்தே போவதால், நான்காம் ஆண்டில் அவற்றை வியாபார லாபத்திலிருந்துதான் கொடுத்தாக வேண்டும்.

அந்த லாபத்துக்குச் சரக்கு வர வேண்டும். திண்டிவனம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) பறித்துக் காயவைத்த விவசாயிக்கு, ஆள்கூலி கொடுக்க உடனே பணம் தேவை. முன்பணம் கொடுத்திருக்கும் வியாபாரி, எடை போட்ட இடத்திலேயே மீதியைக் கொடுத்து விடுகிறார். நிறுவனமோ விற்ற பிறகு தருவதாகச் சொல்கிறது. பங்கும் மானியமும் முழுமையாகச் சேர்ந்தாலே 30 லட்சம்தான். 2024-25ஆம் ஆண்டின் ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 6,783 ரூபாயில் பத்து டன் வாங்கவே ஏறக்குறைய 6.8 லட்சம் ஆகும்.

ஆகவே வங்கிக் கடன் இல்லாமல் முடியாது. 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு உத்தரவாத வசதி இருந்தும், வங்கி முதலில் கேட்பது தணிக்கை செய்த கணக்கைத்தான். பல நிறுவனங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். நிதிநிலை அறிக்கையையும் ஆண்டறிக்கையையும் கம்பெனிப் பதிவாளரிடம் தாமதமாகத் தாக்கல் செய்தால், படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டும் ஓராண்டு தாமதமானால் 73,000 ரூபாய். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகளுக்குத் தாக்கல் செய்யாவிட்டால், இயக்குநர்களாக உள்ள விவசாயிகளே ஐந்தாண்டுகளுக்கு இயக்குநராக நியமிக்கப்படும் தகுதியை இழப்பார்கள். மானியம் வாங்கித் தந்தவர்கள் இதையும் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு குறைந்தது 14 நாட்களுக்கு முன்பே, தணிக்கை செய்த இருப்புநிலைக் குறிப்போடும் லாப நட்டக் கணக்கோடும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பது சட்டம். வராவிட்டால் அலுவலகத்துக்கே சென்று கேட்டு வாங்குங்கள். அதில் நிர்வாக மானியத்தைக் கழித்த பிறகு லாபம் நிற்கிறதா என்று பாருங்கள்.