ஆயாவுக்குக் கீமோ, பேத்திக்கு வாசல் காவல்

வீட்டில் ஒருவருக்குக் கேன்சர் என்று தெரிந்ததும் பெரியவர்கள் முதலில் செய்வது, பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது. விடியற்காலையில் கடலூரில் பாண்டிச்சேரி பஸ் ஏறி, கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையில் நின்று, சாயங்காலம் களைத்துப்போய்த் திரும்புகிறவர்களிடம் "எங்க போனீங்க?" என்று பிள்ளை கேட்டால், "சும்மா, ஒரு வேலையா" என்பதுதான் பதில். பிள்ளை நம்பிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது நம்புவதில்லை.

கைக்குழந்தையிடம்கூட இது செல்லாது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மா, திடீரென்று முகத்தில் எதையும் காட்டாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். எதுவும் பலிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிணுங்க ஆரம்பித்துவிடும். பேச்சு வராத வயதிலேயே முகத்தைப் படிக்கிறார்கள். இந்த வயதுக் குழந்தைக்கு வேண்டியது விளக்கம் இல்லை. குளிப்பாட்டுவதும் தூங்க வைப்பதும் கூடியவரை அதே ஆள், அதே நேரம் என்று இருந்தால் சரி.

சிக்கல் மூன்று வயதுக்கு மேல்தான். நாம் காரணம் சொல்லாவிட்டால், பிள்ளை தானே ஒன்றைச் செய்துகொள்ளும். செய்த தப்புக்குத் தண்டனை தானாக வந்து சேரும் என்று சின்னப் பிள்ளைகள் நம்புவதைச் சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே 1930-களிலேயே எழுதிவிட்டார். "அன்னிக்கு அம்மாவ அடிச்சேன், அதான் கட்டி வந்துடுச்சு" என்ற கணக்கு அந்த வயதுக்கு முழுக்க நியாயமானது. 1980-ல் பிபேஸ், வால்ஷ் என்ற இரு உளவியலாளர்கள், நோய் எப்படி வருகிறது என்று வெவ்வேறு வயதுப் பிள்ளைகளைக் கேட்டுப் பதில்களை அடுக்கினார்கள். சின்னதுகளுக்கு, பக்கத்தில் இருந்தாலே நோய் வந்துவிடும். ஏழு வயதுக்கு மேல் அழுக்கு, கிருமி, உடம்புக்குள் போகும் ஏதோ ஒன்று. உள்ளே ஓர் உறுப்பு சரியாக வேலை செய்யவில்லை என்ற விளக்கம் பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் பிடிபடுகிறது.

அதனால் சின்னப் பிள்ளையிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். உன்னால் வரவில்லை, தொட்டால் ஒட்டாது, உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். நம் ஊரில் இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கதிர்வீச்சு சிகிச்சையை "கரண்ட் வைக்கிறாங்க" என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். பிளக்கில் கை வைக்காதே என்று நூறு தடவை கேட்ட பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்? வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு எக்ஸ்ரே மாதிரி. மெஷின் நின்றதும் உடம்பில் எதுவும் தங்குவதில்லை, அன்று சாயங்காலமே மடியில் உட்காரலாம். (தைராய்டு கேன்சருக்கு விழுங்கக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் வேறு. அதற்குப் பிறகு டாக்டர் சொல்லும் நாள் வரை பிள்ளைகள் தள்ளித்தான் இருக்க வேண்டும்.)

சரி, பிள்ளைகளால் உண்மையில் என்ன உதவி? கடலூர் செம்மண்டலம் பக்கம் எனக்குத் தெரிந்த வீட்டில் ஆறு வயதுப் பேத்தி ஒருத்தி வாசல் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். ஆயாவைப் பார்க்க யார் வந்தாலும் சோப்பு டப்பாவோடு போய் நிற்பாள். "கை கழுவிட்டு வாங்க. ஆயாவுக்குக் கவுண்ட் கம்மி." (கவுண்ட் என்றால் ரத்த அணுக்களின் எண்ணிக்கை.) ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிள் பையுமாக வந்த பெரிய மனிதர் ஒருவரே குழாயடிக்குத் திரும்பிப் போனார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த முக்கியமான மருத்துவ வேலைகளில் அதுவும் ஒன்று.

காரணம், ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது. கீமோ மருந்துகளில் பலவும் வேகமாகப் பிரியும் செல்களைக் குறிவைக்கின்றன. கேன்சர் செல் அப்படிப்பட்டது. முடியின் வேர், வாய் மற்றும் குடலின் உள்தோல், மஜ்ஜை ஆகியவையும் அப்படித்தான். முடி கொட்டுவது, வாய்ப்புண், கவுண்ட் இறங்குவது எல்லாம் இதிலிருந்து வருகிறவை. கிருமியை முதலில் எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுவை மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி வீதம் உற்பத்தி செய்கிறது. அவை ரத்தத்தில் நீடிப்பது சில மணி நேரம், மிஞ்சினால் ஒன்றிரண்டு நாள். மஜ்ஜையில் இருக்கும் கையிருப்பும் சில நாளுக்குத்தான் வரும். உற்பத்தி தடைப்பட்டால் எண்ணிக்கை விறுவிறுவென்று இறங்கும். பெரும்பாலான கீமோக்களில் மருந்து ஏற்றிய 7-லிருந்து 14-ஆம் நாளுக்குள் அது அடிமட்டத்தைத் தொடும். அந்த நாட்களில் சீழ், வீக்கம் போன்ற அடையாளம்கூடச் சரியாகத் தெரியாது, ஏனென்றால் அவற்றை உண்டாக்குவதே அந்த அணுக்கள்தான். காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறியாக இருக்கும். தெர்மாமீட்டர் 100.4 டிகிரி காட்டினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் கிளம்பிவிட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து நோட்டில் எழுதினால், அது விளையாட்டு வேலை இல்லை.

பிள்ளைகள் வழியாக ஆபத்தும் வரலாம், மறைப்பதற்கில்லை. சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். வேப்பிலை கட்டும்போதே காலம் கடந்திருக்கும். வகுப்பில் யாருக்காவது அம்மை என்று காதில் விழுந்தாலே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். போலியோ சொட்டு மருந்தில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். அது சில வாரங்கள் குழந்தையின் மலத்தில் வெளியேறும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் வீட்டில் இருந்தால் சொட்டு மருந்து முகாமுக்குப் போகும் முன் டாக்டரைக் கேளுங்கள். ஊசியாகப் போடும் போலியோ தடுப்பூசியில் இந்தக் கவலை இல்லை.

எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் சாப்பாட்டு விஷயத்தில் கெட்டிக்காரர்கள். கீமோ நாக்கின் ருசியைக் கெடுக்கும், மூக்கை வேறு மாதிரி ஆக்கும். துறைமுகத்திலிருந்து வந்த வஞ்சிரத்தை ஆசையாகக் கேட்டவருக்குக் குழம்பு கொதிக்கும்போதே குமட்டும். சூடான சாப்பாட்டிலிருந்து வாசனை அதிகம் எழும், ஆறியதில் குறைவு. தயிர்ச்சோறு இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். எது இறங்கியது, எது வாந்தியானது என்று பிள்ளைகள் நம்மைவிட நன்றாகக் கவனிப்பார்கள். ஆனால் வாந்தியைத் துடைப்பது அவர்கள் வேலை இல்லை. கீமோ முடிந்து சுமார் 48 மணி நேரம் வரை சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து இருக்கும். பெரியவர்கள் கையுறை போட்டுச் செய்ய வேண்டியது அது.

பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. காப்பீட்டு அட்டை, பணம் அனுப்புவது, ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்வது எல்லாம் அவர்கள் தலையில் விழுகிறது. ஒருவேளை மூத்த பெண்ணாக இருந்தால் சமையலும் சேரும். "பொறுப்பான பொண்ணு" என்று ஊரே மெச்சும், அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை மார்ச்சில் என்பது யாருக்கும் ஞாபகம் வராது. தூக்கம் கெடுவதும் மார்க் குறைவதும் திமிரால் வருவதில்லை. ஒரு வேலையைக் கொடுத்தால், அதற்கு முடியும் நேரம் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

வளர்ந்த பிள்ளைகளும் பிள்ளைகள்தான். பிரான்ஸிலிருந்து தினமும் வீடியோவில் பேசும் பாண்டிச்சேரி மகனும், "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று கெஞ்சும் கடலூர் மகளும் நமக்குப் புதிதில்லை. இவர்கள் எல்லோரும் ஓடி வருவது ரத்தம் கொடுக்கும்போது. "எங்கம்மாவுக்கு என் ரத்தத்தையே ஏத்துங்க" என்பார்கள். ரத்த வங்கியோ அதை எடுத்துக்கொண்டு வேறொருவருடையதைக் கொடுக்கும். கோபம் வரும். ஆனால் அதில் ஓர் அறிவியல் இருக்கிறது. பிள்ளையின் செல் அடையாளங்களில் பாதி அம்மாவிடமிருந்து வந்தவை. அதனால் பிள்ளையின் ரத்தத்தில் வரும் வெள்ளை அணுக்களை அம்மாவின் உடம்பு சில சமயம் அந்நியமாகப் பார்க்காமல் விட்டுவிடும். வந்த அணுக்களோ அம்மாவின் உடம்பை அந்நியமாகக் கண்டு தாக்கும். அரிதானது, ஆனால் வந்தால் பெரும்பாலும் பிழைப்பது கடினம். சொந்தக்காரர் ரத்தத்தையே ஏற்ற வேண்டுமென்றால், அந்த அணுக்கள் பெருக முடியாதபடி கதிர்வீச்சுக் காட்டித்தான் ஏற்றுவார்கள்.

18 வயது ஆகியிருந்து, ரத்தம் கொடுக்க 45 கிலோ, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களை மட்டும் மெஷினில் பிரித்துக் கொடுக்க 50 கிலோ எடை இருந்தால் போதும், மற்ற பரிசோதனைகளை அங்கேயே செய்துகொள்வார்கள். ஒரு கணக்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்த பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும். அண்ணன், தம்பி, அவர்களுடைய நண்பர்கள் என்று எட்டுப் பேர் முதல் நாளே வேன் பிடித்துப் போய் முழு ரத்தமாகக் கொடுத்துவிட்டால், அடுத்த வாரம் கவுண்ட் இறங்கும்போது கொடுக்க ஆள் இருக்காது. யார் எந்த வாரம் என்று வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள்.