58 வயதில் தொழில் தொடங்கும் கணக்கு: போன் எதை மாற்றியது?

கும்பகோணம் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடை. அங்கே 35 வருடமாகக் கணக்கு எழுதியும், சரக்கு எடுத்துக் கொடுத்தும் வந்த ஒருவரை நினைத்துக்கொள்வோம். வயது 58. இப்போது கடைக்கு பில் போடும் மென்பொருள் வந்துவிட்டது. என்ன சரக்கு எவ்வளவு இருக்கிறது என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. முதலாளி போகச் சொல்லவில்லை. ஆனால் வேலை குறைந்துவிட்டது, சம்பளம் ஏறவில்லை. "கையில் போன் இருக்குல்லப்பா, நாமே குத்துவிளக்கு வாங்கி விற்றால் என்ன?" என்கிறாள் மகள். பின்னாலிருந்து தள்ளுவதும் தொழில்நுட்பம்தான், முன்னால் நின்று கூப்பிடுவதும் அதுதான்.

வயதானவர்கள் தொழில் தொடங்கத் தயங்குவதற்குத் துணிச்சல் குறைவதுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். 2006-இல் லெவெக், மின்னிட்டி என்ற இரு ஆய்வாளர்கள் இதை வேறுவிதமாக விளக்கினார்கள். சம்பளம் இந்த மாதமே கைக்கு வரும். தொழில் லாபம் தாமதமாகத்தான் வரும். முன்னால் இருக்கும் வருடங்கள் குறையக் குறைய, காத்திருப்பதன் விலை ஏறுகிறது.

ஒரு பேச்சுக்கு எண்களைப் போட்டுப் பார்ப்போம். கடை அட்வான்ஸ், அலமாரி, சரக்கு என்று 6 லட்சம் போட்டு, மாதம் 10,000 ரூபாய் மிஞ்சினால், போட்ட பணம் திரும்ப 60 மாதம் ஆகும். 30 வயதுக்காரர் 35-இல் மீண்டுவிடுவார். நம்மவருக்கு அப்போது 63. சரி, கடையே இல்லாமல், நாச்சியார்கோவில் பட்டறையில் இருக்கும் விளக்கைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஆர்டர் வந்த பிறகு வாங்கி அனுப்பினால்? முதலீடு 40,000, மாதம் 5,000 மிஞ்சுகிறது என்று வைத்தால், 8 மாதத்தில் பணம் திரும்பிவிடும். வருமானம் பாதிதான். ஆனால் சரிப்படாவிட்டால் வாழ்நாள் சேமிப்பு போகாது. போன் அவருக்குத் தைரியத்தைத் தரவில்லை. தோற்றால் போகும் தொகையைக் குறைத்திருக்கிறது. இந்த வயதில் முடிவை மாற்றுவது பெரும்பாலும் அதுதான் என்று நினைக்கிறேன்.

பணம் வாங்கும் செலவும் இப்படித்தான் இறங்கியது. 2016-இல் வந்த யுபிஐ-யில், கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை வெறும் அச்சிட்ட காகிதம். விற்பவரின் யுபிஐ முகவரி அந்தக் கட்டங்களில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே. அதைப் படிப்பது வாங்குபவரின் போன். ரகசிய எண்ணைச் சரிபார்ப்பது அவருடைய வங்கி. இரண்டு வங்கிகளுக்கும் நடுவில் தகவலைக் கொண்டுபோவது தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் கணினிகள். ஆக, விற்பவர் தனியாக இயந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. பணம் ஏறியதும் தமிழில் சத்தமாகச் சொல்லும் சின்னப் பெட்டிக்குள் சிம் கார்டும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. வங்கியின் குறுஞ்செய்தியைப் படிக்கக் கண்ணாடி தேடுகிறவருக்கு அந்தக் குரல் பெரிய உதவி.

அப்புறம், அவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் 1963-இல் அறிவை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். புதுச் சிக்கலை அந்த நேரத்திலேயே அவிழ்க்கும் திறன் ஒன்று, அனுபவத்தால் சேரும் அறிவு இன்னொன்று. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், ஒன்று ஆற்றில் ஓடும் நீர், மற்றது படிந்த வண்டல். நீரின் வேகம் இளமை தாண்டியதும் மெல்லக் குறைகிறது. வண்டலோ அறுபதை ஒட்டியும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. விளக்கின் அடி, தண்டு, தட்டு, பிரபை நான்கும் மரை பிசகாமல் பொருந்துகிறதா, கையில் தூக்கினால் எடை சரியா, கிரகப்பிரவேசத்துக்கு எது, கோவிலுக்கு எது என்பதெல்லாம் வண்டல். இதை எந்த பில் மென்பொருளும் சொல்லாது. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்றாக நின்ற புது நிறுவனங்களை அசுலேயும் உடன் ஆய்வாளர்களும் எடுத்துப் பார்த்தபோது, அவற்றைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று தெரிந்தது. அந்த நாட்டுக் கணக்கை அப்படியே டெல்டாவுக்கு ஒட்ட முடியாது. ஆனால் தொழில் தொடங்குவது வாலிபர் வேலை என்ற எண்ணத்தை அது நன்றாகவே அசைக்கிறது.

இடறுவது கண்ணாடித் திரையில்தான். போன் திரைக்கு அடியில் மெல்லிய மின்புலம் இருக்கிறது. ஈரமும் உப்பும் உள்ள விரல் பட்டால் அதில் மாற்றம் நடக்கும், போன் அதைத் தொடுகை என்று எடுத்துக்கொள்ளும். வயதாகத் தோல் உலர்கிறது, உழைத்த கையில் காய்ப்பு ஏறுகிறது. அப்போது மின்புலம் அவ்வளவாக அசையாது. அழுத்திப் பிடித்தாலோ வேறு ஏதோ பட்டியல் திறந்துகொள்ளும். "எனக்கு இதெல்லாம் வராது" என்று போனைக் கீழே வைக்கும் பெரியவரிடம் குறை இல்லை. அவர் விரலை நினைத்துப் பார்க்காமல் செய்த கருவியில் இருக்கிறது. குரலால் தமிழில் எழுதும் வசதியை முதல் நாளே காட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

இதே டெல்டாவில், நடவு மிஷின் வந்ததால் குறுவைக்கு வேலை குறைந்த 55 வயதுப் பெண்ணையும் யோசிக்க வேண்டும். அவரையும் தொழில்நுட்பம் தள்ளியது, ஆனால் இழுக்கவில்லை. வரிசை பிசகாமல் நட அவருக்குத் தெரியும், அதைப் படம் எடுத்து விற்க முடியாது. வீட்டில் இருக்கும் ஒரே போன் பல சமயம் மகன் கையில். அவர் தெருமுனையில் கீரைக்கூடையோடு உட்கார்ந்தால், புள்ளிவிவரத்தில் அவரும் சுயதொழில் செய்பவர்தான். விளக்கு விற்பவரையும் இவரையும் ஒரே கட்டத்தில் அடைத்து, "முதியோர் தொழில்முனைவு வளர்கிறது" என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவர் தேர்ந்தெடுத்தார், இன்னொருவருக்கு வேறு வழி இல்லை.

போன் கையில் இருப்பவருக்கும் பயம் சும்மா விடாது. பணம் அனுப்புவதாகச் சொல்லி ரகசிய எண்ணைப் போட வைத்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். யுபிஐ-யில் பணம் பெற ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை தானே செய்து ஜெயித்த அனுபவத்தில்தான் அதிகம் வளர்கிறது என்று 1977-இல் ஆல்பர்ட் பண்டூரா எழுதினார். பேரன் போனைப் பிடுங்கி "நானே போட்டுத் தரேன் தாத்தா" என்பது பாசம்தான், ஆனால் தாத்தாவுக்கு ஒன்றும் படியாது. முதல் வாரம் பாட்டி போனுக்கு அவர் 1 ரூபாய் அனுப்பட்டும், பாட்டி அதைத் திருப்பி அனுப்பட்டும். பத்துத் தடவை. பேரன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.