வண்டி வீட்டு பேட்டரிக்கு வயிறு நிறைய வேண்டும்

ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரி சீக்கிரம் போய்விட்டால், "கரண்ட் அடிக்கடி போகுது, உழைச்சே தேஞ்சிருச்சு" என்பார்கள். கனடாவில் உள்ளேயே குடியிருக்கும் வண்டியான மோட்டார்ஹோம் ஒன்றைப் பழையதாக வாங்கியபோது நானும் அப்படித்தான் நம்பினேன். இரண்டே கோடையில் ஒரு ஜோடி பேட்டரியைப் பறிகொடுத்த பிறகுதான் உண்மை புரிந்தது. அவை அரை வயிறாகவே கிடந்து செத்திருந்தன.

மோட்டார்ஹோமில் பேட்டரி இரண்டு வகை. எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி, சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அதற்காக அதன் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடுவது வீட்டு பேட்டரியில். இதன் தகடுகள் தடிமனானவை, மணிக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். இரண்டுமே 12 வோல்ட்தான், பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கும். அதை நம்பி எஞ்சின் பேட்டரியை வீட்டுக்கு மாட்டினால் நீண்ட நாள் தாங்காது.

ஈய பேட்டரியை 1859-இல் உருவாக்கியவர் பிரெஞ்சுக்காரர் காஸ்டோன் பிளான்டே. அடிப்படை இன்றும் மாறவில்லை. ஒரு தகடு ஈயம், மற்றது ஈய டைஆக்சைடு, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். மின்சாரத்தை எடுக்க எடுக்க இரண்டு தகடுகளின் மேலும் ஈய சல்பேட் படியும், அமிலம் தண்ணீராகிக்கொண்டே போகும். சார்ஜ் ஏற்றினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். புதிதாகப் படிந்த சல்பேட் பொடி போல நுண்ணியது, எளிதில் கரையும். அதை அப்படியே வாரக்கணக்கில் விட்டால் பொடி சேர்ந்து கெட்டிப் படிகமாக வளர்ந்துவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுதாகக் கரையாது. அந்த அளவுக்குத் தகட்டில் இடம் போய்விட்டது என்று அர்த்தம்.

சரி, முழுசாக சார்ஜ் செய்தால் போயிற்று என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். இலவம் பஞ்சுத் தலையணை அடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் கை நிறைய அள்ளித் திணிக்கலாம். முக்கால்வாசி நிரம்பியபின் சிட்டிகை சிட்டிகையாகத்தான் உள்ளே போகும், அவசரப்பட்டு அழுத்தினால் தையல் விடும். பேட்டரியும் அப்படித்தான். ஏறத்தாழ 80 சதவீதம் வரை கொடுத்த ஆம்பியரையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அதற்குள் வோல்டேஜ் 14.4-ஐத் தொட்டுவிடும். நல்ல சார்ஜர் அங்கேயே வோல்டேஜை நிறுத்திப் பிடித்துக்கொள்ள, உள்ளே போகும் ஆம்பியர் மெல்ல மெல்ல வற்றும். மீதி 20 சதவீதம் ஏறச் சில மணி நேரம் பிடிக்கும். நிரம்பியதும் 13.5 வோல்ட் அளவுக்கு இறக்கி, நிரம்பியபடியே வைத்திருக்கும்.

இப்போது என் வண்டியின் கதை தெளிவாகும். ஒரு முகாமிலிருந்து அடுத்த முகாமுக்கு ஒன்றரை மணி நேரம் ஓட்டுவேன். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 70, 80 சதவீதம் வரை ஏற்றிவிடும், எஞ்சினை நிறுத்திவிடுவேன். இரவு ஃபிரிட்ஜ் ஓடும், மறுநாளும் அதே கதை. அந்தக் கடைசி 20 சதவீதம் கோடை முழுக்க ஏறவே இல்லை. கூரையில் ஒரு சோலார் பேனல் போட்டதும்தான் நிலைமை மாறியது. பேனல் தரும் ஆம்பியர் குறைவுதான். ஆனால் பகல் முழுக்க நிதானமாகத் தரும், கடைசிக் கட்டத்துக்குத் தேவையும் அதுவே.

நிரம்பிவிட்டதா என்று வோல்ட்மீட்டரை வைத்து உடனே முடிவு கட்டக் கூடாது. சார்ஜரை எடுத்த கையோடு பார்த்தால் எந்த பேட்டரியும் 13 வோல்ட் காட்டும். சில மணி நேரம் ஓய்வில் விட்டுப் பார்த்தால் முழு பேட்டரி 12.7, பாதி பேட்டரி 12.1 அளவில் நிற்கும். இதைவிட நான் நம்புவது, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை. சார்ஜ் குறைந்தால் அடர்த்தியும் குறையும். ரப்பர் குமிழை அமுக்கி விட்டால் கண்ணாடிக் குழாய்க்குள் அமிலம் ஏறும், நடுவில் மிதவை ஆடி ஆடி நிற்கும். என் பழைய பேட்டரியின் ஆறு அறைகளில் ஐந்தில் 1.25-ஐத் தாண்டிய மிதவை, ஆறாவதில் 1.17-லேயே நின்றது. சாவு எந்த அறையில் தொடங்கியது என்று கண்ணால் பார்த்தது அன்றுதான்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பேச்சே இல்லை. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீரின் உப்பு தகட்டைக் கெடுக்கும். ஆவியாவது தண்ணீர், அமிலம் அல்ல, எனவே ஆசிட் ஊற்றவே கூடாது. சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும் என்பதால் சார்ஜ் முடிந்தபின் ஊற்றுவது நல்லது. தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றிக்கொள்ளலாம். சார்ஜின்போது ஹைட்ரஜன் வெளியேறும், பெட்டிக்குக் காற்றோட்டம் கட்டாயம் வேண்டும்.

கனடாவின் குளிர்காலம் இன்னொரு பாடம். முழு பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. தீர்ந்த பேட்டரிக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், மைனஸ் 10 அளவிலேயே உறைந்து பெட்டியில் விரிசல் விழ வைத்துவிடும். வண்டியை நிறுத்தி வைக்கும்போது எல்லா ஸ்விட்சையும் அணைத்தாலும் கேஸ் அலாரம், ரேடியோ போன்றவை சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் முழுசாக நிரப்பி, இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

போன வருடம் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு மாறினேன். 1990-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் குழு கண்டறிந்த பொருள் இதில் இருப்பது. இதற்கு வழி போட்ட ஆய்வுகளை 80-களில் குடினஃபுடன் சேர்ந்து செய்தவர் ஆறுமுகம் மந்திரம், தென் தமிழகத்தின் சிறு கிராமத்தில் பிறந்தவர். 2019-இல் குடினஃபுக்குக் கிடைத்த நோபல் பரிசின் உரையை ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நிகழ்த்தியவரும் இவர்தான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

இந்த லித்தியம் பேட்டரிக்கு அரை வயிறு பிரச்சினையே இல்லை. நீண்ட நாள் சும்மா வைப்பதென்றால் பாதி சார்ஜில் வைப்பதே நல்லது. ஆனால் இதற்கும் ஒரு கண்டிப்பு உண்டு. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளிருக்கும் கிராஃபைட் தகட்டுக்குள் புகாமல் அதன் மேல் உலோகமாகப் படிந்துவிடும், அது நிரந்தரச் சேதம். அக்டோபரில் ஒருநாள் காலை, பேனலில் நல்ல வெயில், மீட்டரில் பூஜ்ஜியம் ஆம்பியர். பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட் கதவைச் சாத்தியிருந்தது. ஹீட்டரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பேட்டரி மெல்லச் சூடேறி 5 டிகிரியைத் தாண்டியதும், மீட்டரில் எண்கள் நகரத் தொடங்கின.