ஒரு வரியும் மாற்றவில்லை, லிங்க்கர் ஏன் மறுக்கிறது?

உபுண்டு என்ற இயங்குதளத்தின் 20.04 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025-இல் முடிந்தது. வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் என்னிடம் சி மொழி படிக்கும் மாணவர்கள் சிலர் மடிக்கணினியை 22.04-க்கு உயர்த்தினார்கள். கையோடு ஒரே முறையீடு: "சார், புரோகிராமில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. நேற்றுவரை ஓடியது. இன்று லிங்க்கர் பிழை காட்டுகிறது."

பொய்யில்லை. ஆனால் பிழைச்செய்தியைப் படிக்காமல் புரோகிராமையே வரிவரியாகத் துழாவுவது வீண் வேலை.

கம்பைலர் ஒவ்வொரு சி கோப்பையும் தனியாகப் படித்து, இயந்திரக் குறியீடு அடங்கிய ஓர் ஆப்ஜெக்ட் கோப்பாக மாற்றுகிறது. வேறு கோப்பிலுள்ள ஃபங்ஷனை (பெயரிட்ட நிரல் துண்டை) அழைத்தால் அதன் முகவரி கம்பைலருக்குத் தெரியாது. பெயரை மட்டும் குறித்துவிட்டு முகவரிக்கான இடத்தைக் காலியாக விடுகிறது. அந்தக் காலியிடங்களை நிரப்புவது லிங்க்கர். அதற்கு சி மொழியும் தெரியாது, உங்கள் நோக்கமும் தெரியாது. பெயர்களைப் பொருத்திப் பார்க்க மட்டுமே தெரியும். பெயர் கிடைக்கவில்லை, ஒரே பெயர் இரண்டு இடங்களில் இருக்கிறது, லைப்ரரியே (ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பே) இல்லை: பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான் அது சொல்கிறது.

பெயர் கிடைக்காததற்கு முதல் சந்தேகம், உயர்த்துவதற்கு முன்பே உருவாகி மிஞ்சியிருக்கும் ஆப்ஜெக்ட் கோப்புகள். கம்பைல் வேலையை நடத்தும் 'மேக்' கட்டளை கோப்புகளின் நேரத்தைத்தான் ஒப்பிடும். சி கோப்பு மாறாதவரை பழைய ஆப்ஜெக்ட்டே போதும் என்று விட்டுவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரியின் 1.1-இல் இருந்த 'ஈவிபி எம்டி சைஸ்' என்ற ஃபங்ஷன், 22.04-இல் வரும் 3.0-இல் 'ஈவிபி எம்டி கெட் சைஸ்' ஆகிவிட்டது. பழைய பெயர் ஹெடர் என்ற அறிவிப்புக் கோப்பில், கம்பைல் ஆகும்போது புதிய பெயராக மாறும் ஒரு மேக்ரோவாக மட்டும் நீடிக்கிறது. மறுபடி கம்பைல் செய்தால் தானாகச் சரியாகிவிடும். பழைய ஆப்ஜெக்ட்டோ இல்லாத பெயரைத் தேடி நிற்கும். எனவே எதற்கும் முன்பு, பழைய ஆப்ஜெக்ட்களை நீக்கும் 'மேக் கிளீன்'.

வேடிக்கை என்னவென்றால், அப்படிச் சுத்தம் செய்த பிறகுதான் இன்னொரு பிழை தலைகாட்டும்: 'மல்டிபிள் டெஃபினிஷன்'. மாணவர் புரோகிராம்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஹெடர் கோப்பில் 'இன்ட் கவுண்ட்' என்று ஒரு மாறியை வெறுமனே எழுதி, அந்த ஹெடரை இரண்டு சி கோப்புகளில் சேர்த்திருப்பார்கள். விதிப்படி அது ஒரே பெயருக்கு இரண்டு வரையறைகள். உபுண்டுவில் வரும் ஜிசிசி கம்பைலர் 9-ஆம் பதிப்பு வரை அவற்றைப் பொதுப் பகுதி ஒன்றில் வைத்தது. லிங்க்கர் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். 2020-இல் வந்த ஜிசிசி 10 அந்தச் சலுகையை இயல்புநிலையில் நிறுத்தியது. 20.04-இல் இருந்தது ஜிசிசி 9, 22.04-இல் இருப்பது 11. 'எஃப்-காமன்' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் பழைய வழக்கம் திரும்பும். அவசரத்துக்கு அது போதும். முறையாகச் செய்வதென்றால் ஹெடரில் 'மாறி வேறிடத்தில் இருக்கிறது' என்று பொருள்படும் 'எக்ஸ்டெர்ன்' சேர்த்து, ஏதேனும் ஒரே சி கோப்பில் மாறியை வரையறுக்க வேண்டும். புதிய கம்பைலரைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தவறு முன்பே இருந்தது.

லைப்ரரியே இல்லை என்றால் பெரும்பாலும் 'டெவ்' என்று முடியும் தொகுப்பை நிறுவினால் தீர்ந்தது. ஹெடர்களும் லிங்க்கர் தேடும், பதிப்பு எண் சேராத கோப்புப் பெயரும் அதில்தான் வருகின்றன.

சி++ கொஞ்சம் தந்திரமானது. ரயில் பெட்டிகளை வைத்துச் சொல்கிறேன். பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் 2018 தொடக்கம்வரை தயாரான பழைய வடிவமைப்புப் பெட்டிகள் பொதுவாகத் திருகுக் கொக்கியால் இணைந்தன. எல்எச்பி என்ற புதிய வடிவமைப்புப் பெட்டிகளுக்கோ முனையின் நடுவில் வேறு வகைக் கப்ளர். ஒரே தண்டவாளத்தில் ஓடினாலும் ஒன்றை மற்றொன்றோடு நேரடியாக மாட்ட முடியாது. 2015-இல் ஜிசிசி 5, எழுத்துத் தொடர்களை வைக்கும் 'ஸ்ட்ரிங்' வகையின் உள்ளமைப்பை அப்படித்தான் மாற்றியது. தெரியாமல் இணைந்து ஓடும்போது நொறுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே புதிய வகையின் பெயருக்குள் 'சிஎக்ஸ்எக்ஸ்11' என்ற அடையாளத்தையும் பதித்தார்கள். கிடைக்காத பெயரில் இந்த அடையாளம் தெரிந்தால், பெரும்பாலும் எங்கோ ஒரு லைப்ரரி பழைய அமைப்பில் கம்பைல் ஆனது என்று பொருள். அதன் மூலநிரல் கிடைத்தால் மறுபடி கம்பைல் செய்யலாம். கிடைக்காவிட்டால் அதற்கென உள்ள மேக்ரோவுக்கு 0 மதிப்புக் கொடுத்து உங்கள் கோப்புகள் அனைத்தையும் பழைய அமைப்பில் கம்பைல் செய்யலாம்; ஜிசிசியின் சி++ லைப்ரரி இரண்டு வடிவங்களையும் உள்ளே வைத்திருக்கிறது.