கார் ஏசியில் சூடான காற்று: கேஸைக் குறை சொல்வதற்கு முன்

காரில் ஏசி குளிரவில்லை என்று சொன்னால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பல ஒர்க்‌ஷாப்புகளில் பதில் தயாராக இருக்கும்: "கேஸ் கம்மியா இருக்கும் சார், போட்டுடலாம்." போட்டும் விடுவார்கள். கொஞ்ச நாள் ஜில்லென்று இருக்கும், அப்புறம் பழைய கதைதான். ஏசி கேஸ் எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியே ஆண்டுக்குச் சில கிராம் கசிவது இயல்பு. அதற்கு மேல் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கேஸ் துளிகூடக் குறையாமல் சூடான காற்று வருவதும் உண்டு.

ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்கிறதே, ஆவியாகும் திரவம் தோலின் வெப்பத்தைப் பிடுங்கிக்கொள்வதால்தான். ஏசியும் அதைத்தான் செய்கிறது. ஆனால் ஆவியானதை விட்டுவிடாமல் பிடித்துத் திரும்பத் திரவமாக்கிக்கொள்கிறது.

நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்134ஏ என்ற கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் கூடக் கூடக் கொதிநிலையும் ஏறும். மெக்கானிக்கின் கேஜில் (அழுத்தமானி) 30 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டினால் ஏறத்தாழ 2 டிகிரியில் கொதிக்கும். 200 பிஎஸ்ஐ என்றால் 54 டிகிரியில். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அழுத்தம் குறைவு. அங்கே காரின் உள்காற்றிலிருந்து வெப்பத்தை வாங்கிக் கேஸ் கொதிக்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் இழுத்து அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கன்டென்சருக்குத் தள்ளுகிறது. வெளியே மதுரை வெயில் 40 டிகிரி என்றால், கன்டென்சர் அதைவிடச் சூடாக இருந்தால்தானே வெப்பம் வெளியே போகும்? அதற்காகத்தான் அவ்வளவு அழுத்தம். அங்கே திரவமாகும் கேஸ், எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளையில் நுழைந்து அழுத்தம் இறங்கி, மறுபடி கூலிங் காயிலுக்கு வந்துவிடும்.

இது புரிந்துவிட்டால், காற்று எப்போது சூடாகிறது என்பதைக் கவனித்தே பாதி நோயைக் கண்டுபிடிக்கலாம். ஹைவேயில் நன்றாகக் குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடாகிறதா? முதலில் கன்டென்சர் ஃபேனைப் பாருங்கள். வண்டி ஓடும்போது எதிர்காற்றே வேலையைச் செய்துவிடுகிறது; நின்றால் ஃபேன்தான் கதி. கன்டென்சரில் மண்ணும் பூச்சியும் அப்பிக்கொண்டாலும் இதே கதை. கிளம்பும்போது குளிர்ந்து, அரை மணி நேரத்தில் காற்றின் வேகமே குறைகிறது என்றால் கூலிங் காயிலில் பனி படிந்து அடைத்திருக்கலாம். வேகம் குறையாமல் குளிர்ச்சி மட்டும் போய், சிறிது நேரம் அணைத்துப் போட்டால் திரும்பி வருகிறதா? உள்ளே புகுந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து வழியை மறித்திருக்க வாய்ப்புண்டு.

ஆரம்பத்திலிருந்தே குளிரவில்லையா? கிளட்ச் (எஞ்சினோடு கம்ப்ரஸரை இணைத்துப் பிரிக்கும் பாகம்) உள்ள கம்ப்ரஸர் என்றால், ஏசி பட்டனை அழுத்தியதும் 'டக்' என்று பிடிக்கும் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச், எலி கடித்த ஒயர் என்று பார்க்க வேண்டும். (தெருவில் நிறுத்தும் கார்களுக்கு எலி சின்ன விஷயமே இல்லை.) கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பும் தடித்த குழாய் ஜில்லென்று வியர்த்திருக்கிறது, உள்ளே மட்டும் சூடு என்றால், கேஸ் சுற்று பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஹீட்டர் காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் கதவு சிக்கியிருக்கலாம். தொட்டுப் பார்ப்பவர்கள் கவனம்: கம்ப்ரஸரிலிருந்து கன்டென்சருக்குப் போகும் குழாய் கையைச் சுட்டுவிடும், ஃபேன் திடீரென்று சுற்றும்.

சரி, கேஸ் குறைந்துதான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு குறைவு? ஏசி ஓடாதபோது கேஜை மாட்டி அழுத்தத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. 35 டிகிரி வெப்பத்தில் நிற்கும் காரில் 400 கிராம் இருந்தாலும் 300 கிராம் இருந்தாலும் கேஜ் காட்டுவது 114 பிஎஸ்ஐ அளவில்தான். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், அளவு அல்ல. ஓடும்போது காட்டும் எண்களும் வெயில், ஃபேன், எஞ்சின் வேகம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஆகவே இருப்பதை முழுவதும் மெஷினில் உறிஞ்சி எடுத்து, ஓட்டையைச் சரிசெய்து, வேக்கம் போட்டு (பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), பானெட் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் கிராமை எடைபோட்டு நிரப்புவதே ஒழுங்கான வழி. சின்னக் காரில் அது பெரும்பாலும் அரை கிலோவுக்குள்தான் இருக்கும். கூடுதலாகப் போட்டாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸருக்கும் சுமை.

வேக்கம் போடும் அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கும் கடைகளை நம்பாதீர்கள். அழுத்தம் வளிமண்டலத்தில் பதினெட்டில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் 35 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகி வெளியேறும். உள்ளே இருக்கும் ஈரத்தை விரட்ட அதுதான் வழி. குறைந்த அழுத்தத்தில் கம்ப்ரஸரை நிறுத்தும் ஸ்விட்சை ஒயர் போட்டு ஏமாற்றுவது அதைவிட மோசம். கம்ப்ரஸருக்கு வேண்டிய ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கேஸ் இல்லாவிட்டால் ஆயிலும் திரும்பாது, கம்ப்ரஸர் இறுகிப்போகும்.

ஓட்டையைத் தேடுவதில்தான் நல்ல மெக்கானிக்கின் கைவரிசை தெரியும். கேஸ் கசியும் இடத்தில் ஆயில் பிசுக்கு இருக்கும். ஜாயின்ட்டில் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கல்லடி பட்ட கன்டென்சர் இவை எளிதில் அகப்படும். கூலிங் காயில் ஒளிந்திருப்பதால் புற ஊதா ஒளியில் மின்னும் சாயமோ, மோப்பம் பிடிக்கும் கருவியோ வேண்டும். பல கார்களில் கூலிங் காயிலை மாற்ற டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருப்பதால் கூலி பொருளின் விலையைத் தாண்டுவதும் உண்டு. அதற்குப் பயந்து வருடா வருடம் கேஸ் மட்டும் போடுகிறவர்கள் ஒரு கணக்குப் பார்க்கலாம். ஆர்134ஏ, எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. 400 கிராம் கசிந்தால் சுமார் 250 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம்.