அட்டை பலகையில் இருக்கிறது, வேலை யாரிடம் இருக்கிறது?

வணிக மேம்பாட்டுப் பிரிவில் சேர்பவர்களுக்கு முதல் வாரமே ஒரு லாகின் வந்துவிடும். அசானா, ட்ரெல்லோ, ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ் என்று, எந்த வேலை யாரிடம் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் மென்பொருள் ஏதோ ஒன்று. அதில் ஒவ்வொரு வேலையும் ஓர் அட்டை, அட்டைகள் பத்தி பத்தியாக நிற்கும் திரைதான் பலகை. எந்த பட்டன் எதற்கு என்பது அரை நாளில் பிடிபட்டுவிடும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மென்பொருளில் ஒரு நிலவரம், வாட்ஸ்அப்பில் இன்னொரு நிலவரம். நம்பக்கூடியது வாட்ஸ்அப்பில் இருப்பதுதான்.

கோவையில் இயந்திர உதிரிபாகத் தொழிலில் இந்த வேலையைப் பார்க்கிறேன், புதியவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அதனால் அங்கிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. வாடிக்கையாளர் டிராயிங் அனுப்பி விலை கேட்கிறார். அவருக்கு அது ஒரே வேலை: கொட்டேஷன். நிறுவனத்துக்குள் அது ஐந்து மேஜைகளைத் தாண்ட வேண்டும். டிராயிங்கில் கேட்டிருக்கும் டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கும் வித்தியாசம், நம் மெஷினில் வருமா என்று டிசைன் பிரிவு சொல்ல வேண்டும். பர்ச்சேஸ் மூலப்பொருள் விலை கேட்க வேண்டும். மெஷினிங் நேரத்தை உற்பத்திப் பிரிவு கணக்குப் போட வேண்டும். பிளேட்டிங் (உலோகப் பூச்சு) வெளியே கொடுப்பதென்றால் அதைச் செய்பவரின் கூலி, ஜாப் ஒர்க் ரேட், வர வேண்டும். கடைசியில் முதலாளியின் ஒப்புதல். இத்தனைக்கும் சேர்த்து ‘கொட்டேஷன் அனுப்பணும்’ என்று ஒரே அட்டை போட்டால், அது யார் மேஜையில் நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. வாடிக்கையாளர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேறு இடம் போய்விடுவார். விலையால் போன ஆர்டரைப் பற்றி மீட்டிங்கில் பேசுகிறோம். தாமதத்தால் போனது பேச்சிலேயே வருவதில்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

அதனால் நான் முதலில் சொல்லித் தருவது அட்டையை உடைப்பதுதான். ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு துணைவேலை, அதற்குப் பொறுப்பானவர் பெயர், ஒரு தேதி. பெயர் ஒன்றே ஒன்றுதான். 2008-இல் ஃபேஸ்புக்கிலிருந்து வந்த இருவர் தொடங்கிய அசானாவில் ஒரு வேலையை ஒருவர் பொறுப்பில்தான் விட முடியும். ட்ரெல்லோவில் ஓர் அட்டையில் பல பேரைச் சேர்க்கலாம். சேர்க்காதீர்கள். மூன்று பேர் பெயர் இருந்தால் ஒவ்வொருவரும் மற்ற இருவரும் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் இருப்பார்கள்.

தேதியில் ஒரு நுணுக்கம் உண்டு. வாடிக்கையாளருக்குச் சொன்ன நாளையும் உள்ளே முடிக்க வேண்டிய நாளையும் தனித்தனியாகப் போடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒப்புதலுக்கு நேரமே இருக்காது.

வாடிக்கையாளர் விவரங்களை வைக்கும் சி.ஆர்.எம். மென்பொருள் இருக்கிறதே, இந்தப் பலகை எதற்கு என்று கேட்பார்கள். வாடிக்கையாளர் யார், பேரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது சி.ஆர்.எம்.மில். அந்தப் பேரம் நகர நம் ஆட்கள் செய்ய வேண்டியது இங்கே. சிறிய நிறுவனத்துக்கு இரண்டும் ஒரே இடத்தில் இருந்தாலும் சரி, ஆனால் ஒரே தகவலை இரண்டு இடத்தில் தட்டச்சு செய்யச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள்.

அப்புறம் அந்தப் பலகை. டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பான் அட்டை முறையின் சாயல் அது. 2011-இல் வந்த ட்ரெல்லோ அதைத் திரையில் பரவலாக்கியது. நாம் எடுத்துக்கொண்டது பத்திகளை மட்டும். கையில் இருப்பது இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பை விட்டுவிட்டோம். ‘நடந்துகொண்டிருக்கிறது’ பத்தியில் விலை கேட்டு வந்த விசாரணைகள் முப்பது இருந்தால் பெரும்பாலானவை தூங்குகின்றன என்றுதான் அர்த்தம். அந்தப் பத்திக்கு ஒரு எண் வையுங்கள். அது நிறைந்தால் புதியதைத் தொடாமல் இருப்பதில் ஒன்றை முடியுங்கள். முடியாததை வாடிக்கையாளரிடம் மறுத்துவிடுங்கள், அதுவும் ஒரு பதில்தான்.

போனில் பேசியதை அந்த அட்டையிலேயே கருத்தாக எழுதிவிடுங்கள், போனை வைத்த கையோடு. மாலையில் எழுதலாம் என்றால் பாதி மறந்திருக்கும்.

இன்னொன்றில் கவனம் வேண்டும். பொதுப் பார்வைக்கு விடப்பட்ட ட்ரெல்லோ பலகைகளில் இருந்த கடவுச்சொற்கள் கூகுள் தேடலில் கிடைத்தது 2018-இல் செய்தியானது. நம் பலகையில் இருப்பது வாடிக்கையாளரின் டிராயிங், நம் அடக்கவிலை, வாங்குபவரின் கைபேசி எண். பலகையை யார் பார்க்கலாம் என்ற அமைப்பை முதல் நாளே திறந்து பாருங்கள். வெளியாள் ஒருவரைச் சேர்ப்பதாக இருந்தால் விலை இல்லாத தனிப் பலகையில் சேர்த்துவிடுங்கள். சொந்த ஜிமெயிலில் கணக்குத் தொடங்க வேண்டாம். அப்படித் தொடங்கியவர் வேலையை விட்டுப் போனால் விசாரணைகளின் வரலாறும் அவரோடு போய்விடும். அலுவலக முகவரியில்தான் தொடங்க வேண்டும், நிர்வாகி உரிமை குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும்.