குதிரைய குடுத்து ராஜாவ நடுபோர்டுக்கு இழுக்குற ஓப்பனிங்

அண்டர் 10 செஸ் டோர்னமென்ட் ஒன்னுல ஒரு கேம் பாத்தேன், கறுப்புல ஆடுன பையன் அஞ்சாவது மூவ்லயே மாட்டிக்கிட்டான், இத்தனைக்கும் அவன் வச்சது பாக்க ரொம்ப நியாயமான மூவ்.

டூ நைட்ஸ் டிஃபென்ஸ்தான், கறுப்பு தன் ரெண்டு குதிரையையும் சி6, எஃப்6ல வச்சு ஆடுற ஓப்பனிங். வெள்ளை பிஷப் சி4ல (எழுத்து நெடுக்கு வரிசை, நம்பர் குறுக்கு வரிசை), குதிரை ஜி5க்கு குதிச்சாச்சு, ரெண்டும் குறி வைக்குறது எஃப்7 சிப்பாய. ஏன் அதுன்னா, ஆட்டம் ஆரம்பிக்கும்போது ராஜா மட்டுமே காவல் இருக்குற ஒரே சிப்பாய் அதுதான். பையன் பதறாம சிப்பாய டி5க்கு தள்ளி பிஷப்ப மறைச்சான், சரியான மூவ். வெள்ளை சிப்பாய் வெட்டுச்சு, இவன் குதிரையால திருப்பி வெட்டினான், கூடவே ராணிக்கு வழி திறந்து ஜி5 குதிரையும் அடியில வந்துருச்சு, முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த மூவ், வெள்ளைக் குதிரை எஃப்7ல விழுந்து வெட்டுது! ராணி, யானை ரெண்டுக்கும் ஒரே நேரத்துல அடி, அதனால ராஜாவே இறங்கி வெட்டணும். உடனே வெள்ளை ராணி எஃப்3ல செக். இங்கதான் சூட்சுமம், அந்த ராணி செக்கும் குடுக்குது, டி5 குதிரையையும் பிஷப்போட சேந்து அடிக்குது. ராஜா பின்னாடி ஓடுனா குதிரை காலி, அதனால காப்பாத்த ஈ6க்கு, நடுபோர்டுக்கே வரணும். வந்ததும் அந்தக் குதிரை 'பின்' ஆயிடுது, அதாவது நகர முடியாம மாட்டிக்குது, நகந்தா பிஷப் நேரா ராஜாவ பாக்கும். அடுத்து சி3ல இன்னொரு குதிரை வருது, டி5 மேல மூணாவது அடி.

இதுக்கு ஃப்ரைட் லிவர் அட்டாக்னு பேரு, 1600ஆம் வருஷ வாக்குலயே இத்தாலிக்காரர் போலேரியோ அலசி வச்ச விஷயம், இன்னைக்கும் சின்னப் பசங்க கேம்ல வந்துக்கிட்டே இருக்கு. குடுத்த குதிரைக்கு ஒரு சிப்பாய்தான் கையில, ஆனா கறுப்பு காய்ங்க எல்லாம் டி5க்கு முட்டுக்குடுக்கவே ஓடுது, வெள்ளை அந்த நேரத்துல காஸில் பண்ணி (ராஜாவ யானையோட சேத்து ஓரமா பத்திரப்படுத்தி), டி4 தள்ளி சென்டர உடைச்சுடும்.

கேம் முடிஞ்சப்புறம் பையன்கிட்ட போர்ட திருப்பி அடுக்கி, திருப்பி வெட்டாம சி6 குதிரைய ஏ5ல வச்சு பிஷப்ப விரட்டுன்னு காட்டினேன். "அப்போ என் சிப்பாய் போயிடுமே"ன்னான். போகும்தான், பிஷப் பி5ல செக் குடுக்கும், சி6 தள்ளு, இன்னும் வெட்டிக்கட்டும், நீயும் வெட்டு, பிஷப் திரும்ப ஓடணும், அப்புறம் எச்6 தள்ளுனா குதிரையும் ஓடணும், அதுக்குள்ள உன் காய்ங்க வெளிய வந்துரும்னேன். எச்6 சிப்பாய அவனே தள்ளிப் பாத்துட்டு, ஜி5 குதிரைய எடுத்து எஃப்3ல வச்சான்.